பாலத்துக்குக் கொசுறு

பேட்டை அசன் முகம்மது மரக்கடையில் வாங்கிய கட்டை அளவில் குறைந்தது என்று இந்த நாற்பது வருஷத்தில் ஒருவரும் வாசலேறி வந்து சண்டை பிடித்ததில்லை. நாலு இஞ்சு கேட்டால் நாலே கால் இருக்கும். ஏழடி கேட்டால் ஏழடிக்கு மேலே நாலு விரல் நீட்டிக்கொண்டிருக்கும். விலையில் மட்டும் ஒரு ரூபாய் இறங்க மாட்டார். நீங்கள் ரெண்டு டீ குடித்து, மூணு தடவை எழுந்து போவதாகப் பாவனை செய்து, கடைசியில் அவர் முதலில் சொன்னதையே கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். ஆனால் கட்டையில் கொசுறு நிச்சயம்.

"விலையில கொறச்சா வாங்குனவன் தெரு முக்குலயே மறந்துருவான். கட்டையில கூட்டிக் குடுத்தா, ஆசாரி இழைக்கும்போதெல்லாம் நம்ம பேரைச் சொல்லுவான்" என்பார்.

அந்தக் கொசுறுதான் ஒரு ராக்கெட்டை மறித்து நிறுத்தியது.

நாங்குநேரிக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவில், ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தனியார் ராக்கெட் கம்பெனி வந்தது. அங்கே ஒரு ராக்கெட்டின் நடுத்துண்டைச் செய்து முடித்தார்கள். வெறும் கூடுதான், உள்ளே எரிபொருள் கிடையாது. இருந்தாலும் பருமன் இரண்டே முக்கால் மீட்டருக்கு மேல், நீளம் ஒரு பஸ்ஸுக்கு மேல். அது ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போய்ச் சேர வேண்டும். கம்பெனியில் போக்குவரத்துப் பொறுப்பு பாலசுப்பிரமணியனுக்கு. அம்பாசமுத்திரத்துக்காரர், நாற்பது வயசு, பேசும்போது சட்டைப் பையிலிருக்கும் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிற ஆள். அவர் ஒருநாள் ஒரு சுருட்டிய படத்தோடு மரக்கடைக்கு வந்து, "பாய், ராக்கெட்டை உக்கார வெக்க ரெண்டு மரத்தொட்டில் வேணும். ரயில்ல போகுது" என்றார்.

அசன் முகம்மது கணக்குப் பலகையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "ராக்கெட்டு ரயில்லயா? டிக்கெட்டு எடுத்தா?"

"சிரிக்காதிய. ரோட்டுல போனா ஊருக்கு ஊரு கரண்டுக் கம்பியைக் கம்பு வெச்சுத் தூக்கணும், மரக்கிளையை வெட்டணும். வேகத்தடை வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். தண்டவாளம் அப்படியில்ல பாய். எங்கன பாலம், எங்கன வளைவு, எவ்வளவு இடம் கெடக்குன்னு அத்தனையும் அவங்க புஸ்தகத்துல இருக்கு. ரஷ்யாவுல முழு ராக்கெட்டையும் படுக்கப்போட்டு ரயில்லதான் ஏவுற இடத்துக்கே கொண்டுபோறான். அமெரிக்காவுல பூஸ்டரைத் துண்டு துண்டா வேகன்ல ஏத்தி நாட்டுக்குக் குறுக்க கொண்டுபோனான். வழியில இருக்கற சுரங்கத்துக்குள்ள நுழையற பருமன்தான் அந்தத் துண்டுக்கு."

அசன் முகம்மதுவுக்கு இந்தக் கடைசிச் செய்தி மிகவும் பிடித்துப்போனது. வானத்துக்குப் போகிற சாமானுக்கு அளவு சொல்கிறது மலையில் குடைந்த ஒரு பொந்து! அன்று சாயங்காலத்துக்குள் பேட்டையில் நாலு பேரிடம் அதைச் சொல்லிவிட்டார், சுரங்கத்தைக் குடைந்ததே தான்தான் என்கிற தோரணையில்.

"இரும்புல செஞ்சா என்ன, கட்டை எதுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"இரும்பு அதிர்வை அப்படியே மேல கடத்திரும். மரம் பாதியைத் தான் முழுங்கிரும்."

"அப்படிச் சொல்லும். எங்க மரம் முழுங்கும்." விலை பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. யார் சொன்ன விலை நின்றது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல முதிர்ந்த கோங்கு மரம். பலகைகளை அடுக்கி, போல்ட்டு முடுக்கி, மேலே ராக்கெட்டின் வயிறு உட்காரும்படி பிறை மாதிரி குடைந்து, அந்தக் குடைவில் தடித்த ரப்பர் ஒட்டி, தொட்டில் ரெண்டும் பார்க்கவே அம்சமாக வந்தன. படத்தில் உயரம் முந்நூறு மில்லி என்றும், பக்கத்தில் கூட்டல் கழித்தல் மூன்று என்றும் போட்டிருந்தது. அசன் முகம்மது கண்ணுக்குக் கூட்டல் மட்டும்தான் தெரிந்தது. கழித்தல் என்பது எதிர்த்த கடைக்காரன் சமாசாரம். முந்நூறை முந்நூற்றுப் பன்னிரண்டாக எழுதி மேஸ்திரி இசக்கியிடம் கொடுத்தார்.

இசக்கி அந்தக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக வாளுக்கு முன்னால் நிற்பவன். முதலாளி எழுதிக் கொடுத்த எந்த அளவையும் அவன் அப்படியே அறுத்ததில்லை. அறுத்தால் கொசுறு எங்கே? அவன் தன் பங்குக்கு ஓர் அரை இஞ்சு போட்டான். ஆக முந்நூறு மில்லித் தொட்டில், ரெண்டு பேருடைய நல்ல மனசாலும், முந்நூற்று இருபத்தைந்தாக எழுந்து நின்றது. பாலசுப்பிரமணியன் பிளைவுட்டில் வெட்டிய அச்சைக் கொண்டுவந்து குடைவைப் பொருத்திப் பார்த்தார். மயிரிழை தப்பவில்லை. "உயரம் சரிதானே பாய்?" என்று கேட்டார். அசன் முகம்மது நெஞ்சில் கைவைத்து, "குறையவே குறையாது சார்" என்றார். அதில் ஒரு சொல் பொய்யில்லை.

*

கூடு, ரயில் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் லாரியில் ஏறி வந்தது. ஆற்றுப் பாலத்தில் அது ஊர்ந்தபோது, கீழே தாமிரபரணியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் சோப்பு நுரையோடு நிமிர்ந்து பார்த்து அப்படியே நின்றார்களாம். மத்தியானம் ஒரு பெரிய கிரேன் அதைத் தூக்கி, ரயில்வே சரக்கு யார்டில் நின்ற தட்டை வேகன் மேல், கோங்குத் தொட்டில்களில் இறக்கி வைத்தது. வைத்த கையோடு கிரேன் முப்பந்தலுக்குக் காற்றாலை வேலைக்குப் போய்விட்டது. கிளம்ப வேண்டிய நேரம் மறுநாள் பகல் ஒரு மணி.

மறுநாள் காலை அசன் முகம்மது வெள்ளைச் சட்டை, அத்தர் சகிதம் யார்டுக்கு வந்தார். கூடவே இசக்கியும், இஸ்திரி போட்ட சட்டையில். ரெண்டு பேரும் வழியனுப்ப வந்தவர்கள். வெள்ளை உறை போர்த்திய அந்த நீண்ட உருளை வேகன் மேல் சாய்ந்து கிடந்த அழகை அசன் முகம்மது ரெண்டு பக்கமும் நடந்து பார்த்தார். நாலு பக்கமும் சங்கிலி. ஒவ்வொரு தொட்டிலிலும் அதிர்வைக் குறித்துக்கொள்ளும் ஒரு சின்னப் பெட்டி. வழியில் இது எத்தனை தடவை குலுங்கியது, எந்த ஊரில் குலுங்கியது என்று அது எழுதி வைத்துக்கொள்ளுமாம்.

"ஏலே இசக்கி, நல்லாப் பாத்துக்கிடு. வானத்துக்குப் போற வழியில மொத எழுநூறு கிலோமீட்டர் நம்ம கட்டை மேலதான் போகுது."

"அதுக்கு மேல கொண்டுபோகவும் கட்டை தாங்கும் மொதலாளி. அவங்கதான் கேக்கல."

அப்போது வேகனுக்கு மேலே ஏணியில் நின்ற பெண் இறங்கிவந்தார். அவர் பெயர் கரோலின், ரயில்வேயில் வேகன் பகுதி இன்ஜினியர், நாசரேத்துக்காரர். முப்பத்தைந்து வயசிருக்கும். தலையில் மஞ்சள் தொப்பி, கையில் நீள அலுமினிய அளவுகோல். "இதை ஏத்துனது யாரு?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பாலசுப்பிரமணியனைப் பயமுறுத்தியது. பேனா பையிலிருந்து வெளியே வந்தது.

"தண்டவாளத்துல இருந்து உச்சி வரைக்கும் நாலாயிரத்து முந்நூத்தி எழுபது மில்லின்னு அனுமதி வாங்கியிருக்கிய. இங்கன நாலாயிரத்து முந்நூத்தித் தொண்ணூத்தஞ்சு இருக்கு. மூணு தடவை அளந்துட்டேன். வண்டி போகாது."

பாலசுப்பிரமணியன் படத்தைப் பிரித்தார், மடக்கினார், தொட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து டேப்பைப் பிடித்தார். எழுந்தபோது அவர் முகம் உருளையைப் போர்த்திய உறை நிறத்தில் இருந்தது. "பாய். முந்நூறு கேட்டேன். முந்நூத்தி இருபத்தஞ்சு இருக்கு."

"குறையலையே சார்?" என்றார் அசன் முகம்மது. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. "ஆனா நான் பன்னெண்டுதானே கூட்டினேன்..." என்று இழுத்து, மெதுவாக இசக்கி பக்கம் திரும்பினார்.

இசக்கி ஒரு காலை மறு காலால் சொறிந்துகொண்டான். "நீங்க கூட்டினது எனக்கு எப்படித் தெரியும்? நான் எப்பவும் போடுத அரை இஞ்சைத்தான் போட்டேன்."

"பாய், ஒண்ணு சொல்லிருதேன்" என்றார் பாலசுப்பிரமணியன். "ரயிலே வேண்டாம்னு எங்க மேலிடத்துல எல்லாரும் சொன்னாங்க. நான்தான் சண்டை போட்டு வாங்கினேன். இன்னிக்கு ஒரு மணிக்கு விட்டா அடுத்த நேரம் மூணு வாரம் கழிச்சுத்தான் தருவாங்க. அதுவரைக்கும் காத்திருக்க மாட்டாங்க. லாரி பைபாஸ்ல ரெடியா நிக்குது, அதுக்கு இரும்புத் தொட்டில் இருக்கு. உங்க தொட்டிலை நீங்க வீட்டுக்குக் கொண்டுபோயிரலாம்."

வீட்டுக்குக் கொண்டுபோவது! அசன் முகம்மது கடையிலிருந்து போன சரக்கு திரும்பி வந்ததே கிடையாது. அதுவும் அளவு கூடிப்போய்த் திரும்புவது என்றால், அவர் எதை வைத்து நாற்பது வருஷம் பெயர் எடுத்தாரோ அதுவே அவர் முகத்தில் கரியைப் பூசப்போகிறது. ஆனால் அவர் வியாபாரி. வியாபாரிக்கு 'போகாது' என்பது பேச்சின் முடிவு அல்ல, ஆரம்பம்.

"எம்மா, இங்கன வாங்க. மொத்தம் இருபத்தஞ்சு மில்லி. ஒரு பத்தை நீங்க விடுங்க. பத்தை நான் எப்படியாவது அமுக்கிக் குறைக்கேன். மிச்ச அஞ்சை அல்லாஹ் பாத்துக்கிடுவான்."

கரோலின் முதல் தடவையாகச் சிரித்தார். "நான் விட்டுருவேன் பாய். பாலம் விடணுமே. கோவில்பட்டி தாண்டி ஒரு பழைய வளைவுப் பாலம் இருக்கு. அதுக்கிட்ட போய்ப் பேசிட்டு வாங்க."

"பாலத்துல எவ்வளவு இடம் கெடக்கு?"

"உச்சியில நெறையக் கெடக்கு. தோள்லதான் இடிக்கும். மேல வளைவா இருக்குல்லா, உருளை ஒரு இஞ்சு ஏறுனா ரெண்டு தோளும் பாலத்தை நெருங்கும். இன்னும் ஒரு சாண் பக்கம் இடம் இருக்கும்தான்."

"ஒரு சாணா! பூனை புகுந்து போகும். அப்புறம் என்னம்மா?"

"ஓடும்போது வண்டி சும்மா இருக்குமா? ஸ்பிரிங்கு ஆடும், அதுக்கொரு பங்கு. தண்டவாளம் ஒரு பக்கம் லேசா இறங்கியிருக்கும், அதுக்கொரு பங்கு. சக்கரம் தேய்ஞ்சிருக்கும். காத்து சாய்க்கும். அத்தனை பேரும் பங்கு எடுத்தது போகத்தான் மிச்சம். அந்த மிச்சத்துல கை வெக்க எனக்கு அதிகாரம் கெடையாது, எனக்கு மேல உள்ளவங்களுக்கும் கெடையாது."

இவ்வளவு எளிதாக அசன் முகம்மதுவுக்கு யாரும் எதையும் விளக்கியதில்லை. அத்தனை தரகர்களும் தின்றது போக நிற்கிறதுதான் லாபம். அதை இந்தப் பெண் மில்லி மில்லியாகக் கணக்குப் போட்டு, ஒரு புஸ்தகத்தில் வைத்துக்கொண்டு, கண் முன்னால் நாற்பது டன் அதிகாரம் வந்து நின்றாலும் மசியாமல் நிற்கிறாள். பேரம் படியாத ஒரு ஆளைப் பார்க்க அவர் அறுபது வயசு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் மிகவும் மரியாதையாகவும் இருந்தது.

மணி எட்டே முக்கால்.

"சரி. அப்ப கட்டைதான் இறங்கணும்" என்றார். "தொட்டிலை வெளிய எடுக்க முடியுமா? மேல குடைவையும் ரப்பரையும் தொட வேண்டாம். அடியில தட்டையாத்தானே இருக்கு, அங்கன இருபத்தஞ்சை எடுத்துட்டாப் போதும். பேட்டையில வாளு இருக்கு. கால் மணி நேர வேலை."

"தொட்டில் மேல ராக்கெட்டு இருக்கு பாய்" என்றார் பாலசுப்பிரமணியன், குழந்தைக்குச் சொல்வது போல. "கிரேன் முப்பந்தல்ல இருக்கு."

கரோலின் வேகனையே பார்த்துக்கொண்டிருந்தார். "கூடு எவ்வளவு எடை?"

"அஞ்சு டன்னுக்குக் கொஞ்சம் மேல."

"அவ்வளவுதானா! தடம் பெரண்ட வேகனை ஏத்துத ஜாக்கி எங்ககிட்ட இருக்கு. அம்பது டன்னைத் தூக்கும். எங்கன பிடிச்சுத் தூக்கலாம்னு மட்டும் சொல்லுங்க."

"ரெண்டு நுனியிலயும் இரும்பு வளையம் இருக்கு. அது தாங்கும். வயித்துல மட்டும் ஒரு விரல்கூடப் படக்கூடாது."

கரோலின் தன் அதிகாரிக்கு ஃபோன் போட்டார். நாலு வாக்கியம் பேசினார், அதில் ஒன்றுகூட வளவளப்பில்லை. பத்து நிமிஷத்தில் ஜாக்கிகளோடு எட்டுப் பேர் வந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை அசன் முகம்மது ரொம்ப நாளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த எட்டுப் பேரும் விபத்தில் கவிழ்ந்த வண்டிகளைத் தூக்கிப் பழகியவர்கள். ஆனால் அன்று அவர்கள் முட்டைக் கூடையைத் தூக்குகிற மாதிரித் தூக்கினார்கள். வளையத்துக்கு அடியில் மரக்கட்டை, அதற்கடியில் ஜாக்கி. நாலு மூலையிலும் நாலு பேர். கரோலின் நடுவில் நின்று விரலைக் காட்டுவார். ஒரு விரலுக்கு நாலு ஜாக்கியும் ஒன்றாக ஒரு மூச்சு ஏறும். "பைய... பைய... போதும்." உடனே மிச்ச நாலு பேரும் இடைவெளியில் ஒரு ஸ்லீப்பர் கட்டையைச் செருகுவார்கள், ஜாக்கி நழுவினாலும் கூடு விழாதபடிக்கு. மறுபடி ஒரு விரல். பாலசுப்பிரமணியன் பேனா மூடியைக் கடித்துத் துண்டாக்கிவிட்டார். பத்தே காலுக்குள் வானத்துச் சாமான் தொட்டிலுக்கு மேலே, நாலு விரற்கடை காற்றில், கட்டை அடுக்குகள் மேல் நின்றது. தொட்டில் ரெண்டும் வெளியே வந்தன.

*

தொட்டில்களை ஏற்றிக்கொண்டு கடையின் குட்டியானை வண்டி பேட்டைக்குப் புறப்பட்டது. இசக்கி ஓட்டினான், அசன் முகம்மது பக்கத்தில். டவுனுக்குள் நுழைந்ததும் வாகையடி முக்கில் வண்டிகள் மாட்டிக்கொண்டு நின்றன. அவர் எதற்குப் பயந்தாரோ அது அங்கேயே நின்றுகொண்டிருந்தது: பாத்திரக்கடை செந்தூர்பாண்டி, கடைப் படியில், தோளில் துண்டோடு. நேற்றுத்தான் இதே தொட்டில்கள் மாலை போட்டு இதே வழியாகப் போயின. அப்போது ஹாரன் அடிக்கச் சொன்னதே அசன் முகம்மதுதான்.

"என்ன வே பாய்! ராக்கெட்டு வேண்டாம்னுட்டாளா?"

"வேண்டாம்பாளா? கட்டை ராவோட ராவா வளந்துட்டு வே. முடிவெட்டக் கொண்டுபோறேன்."

முக்கே சிரித்தது. அசன் முகம்மதுவும் சிரித்தார். வண்டி நகர்ந்ததும் சிரிப்பைக் கீழே வைத்துவிட்டு, "ஏலே, அந்தச் சந்துக்குள்ள விடு, மணி பதினொண்ணு ஆகப்போகுது" என்றார்.

பேட்டையில் வாள் தயாராக ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிலைப் பக்கவாட்டில் கிடத்தி, இசக்கி சாயம் தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினான். அடியிலிருந்து சரியாக இருபத்தைந்து மில்லி உயரத்தில் கோங்கு மேல் ஒரு நீலக்கோடு விழுந்தது. சுற்றிலும் நாலு முகத்திலும் கோடு. பிறகு அவன் நின்றான்.

நிற்பதற்குக் காரணம் இருந்தது. அந்தக் கடையில் கோட்டின் மேல் யாரும் அறுக்க மாட்டார்கள். வாங்குகிறவனுக்குப் போகிற பக்கம் கோடு முழுசாகத் தெரிய வேண்டும், கோட்டுக்கு வெளியேதான் வாள் ஓட வேண்டும். இசக்கி வேலைக்குச் சேர்ந்த அன்றே அவன் கைக்கு அப்படித்தான் பழக்கம்.

"கோட்டை எந்தப் பக்கம் விடணும் மொதலாளி?"

அசன் முகம்மது கோட்டை விரலால் தொட்டுக் காட்டினார். "விட வேண்டாம். கோட்டு மேலேயே அறு."

"கோட்டு மேலேயேவா?"

"கோட்டு மேலேயே. இன்னிக்குக் கொசுறு கெடையாது லே. மிச்சம் வெச்சா பாலம் இடிக்கும், அந்த அம்மா விடாது. கை பழக்கத்துக்குப் போச்சுன்னு வெச்சுக்கோ, லாரிக்காரன் கொண்டுபோயிருவான்."

நாலு பேர் தொட்டிலைத் தள்ள, இசக்கி வாளுக்கு முன்னால் குனிந்தான். அசன் முகம்மதுவால் அதைப் பார்க்க முடியவில்லை. தன் கடையில், தன் வாளில், கோட்டின் மேல் ஒரு கட்டை அறுபடுவதைப் பார்க்கப் பிடிக்காமல் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றார். வாள் கோங்குக்குள் இறங்குகிற ஓசை ரெண்டு தடவை வந்தது. ரெண்டாவது ஓசை நின்றபோது மணி பதினொன்று இருபது.

"அளந்தியா லே?"

"கண்ணால பாத்துட்டேன். ஏத்துங்க, நேரம் போகுது."

*

திரும்பும்போது முக்கு காலியாக இருந்தது. செந்தூர்பாண்டிகூடச் சாப்பிடப் போயிருந்தார். முடிவெட்டி வந்த கட்டையைப் பார்க்க ஆளில்லையே என்று அசன் முகம்மதுவுக்குச் சிறு வருத்தம். யார்டில் அந்த எட்டுப் பேரும் அதே இடத்தில் நின்றார்கள். போனது போலவே எல்லாம் தலைகீழாக நடந்தது. தொட்டில் உள்ளே போனது, ஒரு விரல் இறக்கம், ஒரு ஸ்லீப்பர் வெளியே, ஒரு விரல் இறக்கம். கடைசியில் கூட்டின் வயிறு ரப்பரில் பதிந்து, கோங்கு எடையை வாங்கிக்கொண்டு லேசாக ஒரு முனகல் முனகியது. சங்கிலியை முடுக்கினார்கள்.

பன்னிரண்டரை. கரோலின் ஏணியில் ஏறினார். கீழே ஆறேழு பேர் தலையை நிமிர்த்தி நின்றார்கள். அசன் முகம்மதுவின் உதடு தானாக அசைந்துகொண்டிருந்தது. கரோலின் முன்பக்கம் அளந்தார். நடுவில் அளந்தார். பின்பக்கம் அளந்தார். மறுபடி முன்பக்கம் வந்தார். பிறகு கீழே பார்த்து, "நாலாயிரத்து முந்நூத்தி அறுபத்தெட்டு" என்றார்.

பாலசுப்பிரமணியன் கணக்குப் போட்டார். அசன் முகம்மது அவருக்கு முன்னால் போட்டுவிட்டார். "அறுபத்தெட்டா? எழுபதுல்ல இருக்கணும்! ரெண்டு குறையுதே!"

அவர் குரலில் இருந்தது பயமா அவமானமா என்று சொல்வது கடினம். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் கடைக் கட்டை குறைந்திருக்கிறது. அதுவும் ராக்கெட்டுக்குப் போய்.

எல்லோரும் இசக்கியைப் பார்த்தார்கள். அவன் இஸ்திரிச் சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினான்.

"கோட்டுக்கு உள்ள ரெண்டு மில்லி விட்டு அறுத்தேன்."

"ஏம்லே? நான் கோட்டு மேலன்னுதானே சொன்னேன்?"

"சொன்னிய. ஆனா மொதலாளி, இந்தத் தடவை சரக்கை வாங்குறது யாரு? பாலம்தானே. அந்த அம்மாதான் சொல்லுதாவ, பாலத்துக்கு எடம்தான் வேணும்னு. பாலத்துக்கு ரெண்டு மில்லி எடம் கூட இருக்கட்டுமேன்னு போட்டேன். நம்ம கடையில கொசுறு இல்லாம ஒரு சாமான் போகலாமா?"

பாலசுப்பிரமணியன் படத்தைப் பிரித்து, ஒரு விரலால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். "கூட்டல் கழித்தல் மூணு. ரெண்டு குறைஞ்சா உள்ளதான் இருக்கு. எனக்குச் சரி." அன்று காலையிலிருந்து முதல் தடவையாகப் பேனாவின் மிச்சம் பைக்குள் போய் உட்கார்ந்தது.

அசன் முகம்மது படத்தை வாங்கி அந்தக் கழித்தல் குறியை முதல் தடவையாகப் பார்த்தார். இத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. "இதுலயும் கொசுறு குடுக்கலாம் போல" என்று முணுமுணுத்தார்.

கரோலின் தாளில் கையெழுத்துப் போட்டு, நேரம் குறித்து, ஒரு பிரதியைப் பாலசுப்பிரமணியனிடம் கொடுத்தார். அசன் முகம்மது கையை நீட்டினார்: "எனக்கும் ஒண்ணு தாங்கம்மா. கடையில மாட்டுதேன்."

"இது ரயில்வே தாள் பாய். தர முடியாது."

"ஒரு ஜெராக்ஸ்?"

"கெடையாது."

"சரி, சும்மா கேட்டுப் பாத்தேன்" என்றார் அவர் திருப்தியாக. மனுஷி கடைசி வரை படியவில்லை.

ஒன்றுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது இன்ஜின் வந்து கோத்துக்கொண்டது. முன்னால் ஒரு பெட்டி, பின்னால் காவல்காரர்களும் ஆய்வு செய்பவர்களுமாக ஒரு பெட்டி, நடுவில் அது. மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. வளைவில் அதையும் விடக் குறைவு. அது போகிற நேரம் பக்கத்துத் தடத்தில் ஒரு வண்டியும் வராது. வரிசையாக ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒருவர் அதற்காகப் பச்சைக்கொடியோடு நிற்பார். எக்ஸ்பிரஸ் வண்டிகள்கூட எங்கோ நின்று வழிவிடும். மந்திரிக்கு இப்படி வழிவிட்டு அசன் முகம்மது பார்த்ததில்லை. வந்த மந்திரிகளில் யாரும் இவ்வளவு பக்குவமாக உட்கார்ந்து போனதுமில்லை.

சிக்னல் விழுந்தது. வேகன் ஒரு அசைவும் காட்டாமல் நகர ஆரம்பித்தது, தண்டவாளம்தான் அதற்கு அடியில் பின்னால் போகிற மாதிரி. எட்டு ஜாக்கிக்காரர்களும் வேலையை விட்டு நின்று பார்த்தார்கள். கோங்குத் தொட்டில் அசன் முகம்மதுவைத் தாண்டிப் போனபோது அதன் அடியில் புதிதாக அறுபட்ட பக்கம் மஞ்சளாகப் பளிச்சென்று தெரிந்தது. அவர் இசக்கியின் தோளைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் மரத்தூள் விழுந்துவிட்டதாகச் சொன்னார். யார்டில் மரத்தூள் இல்லை.

*

சாயங்காலம் அஸர் தொழுகை முடித்துக் கடையில் உட்கார்ந்திருந்தவருக்கு ஃபோன் வந்தது. கரோலின்.

"பாய், வண்டியோட போன எங்க ஆளு இப்பத்தான் சொன்னான். பாலம் தாண்டிட்டு."

அசன் முகம்மது எழுந்து நின்றார். வாள் பக்கம் கையைக் காட்டி ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார். இசக்கி வாளை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்தான்.

"அல்ஹம்துலில்லாஹ். பாலம் ஏதும் சொல்லிச்சாம்மா?"

"ஒண்ணும் சொல்லலை பாய். தொடாம விட்டுட்டு."

"சொல்லாது" என்றார் அவர், இசக்கிக்கும் கேட்கும்படி சத்தமாக. "நம்ம கடையில சாமான் வாங்கிட்டுக் கொசுறு போதலைன்னு இதுவரைக்கும் எவன் வந்து நின்னுருக்கான்?"